திரும்பி வருவேன் என்று நிரூபித்தல்: ஷெங்கன் விசாவில் தலைவியின் கோப்பு குறித்து ஓர் ஆய்வு

காதலித்தவர் கடல் தாண்டிப் போய்விட்டால் கவிதை எழுதலாம், தாடி வளர்க்கலாம், வீடியோ காலை அணைக்காமலே தூங்கிப்போகலாம். இவற்றைப் பற்றித் தமிழில் போதுமான அளவு எழுதியாயிற்று. நேரில் போய்ப் பார்த்துவர விசா விண்ணப்பிப்பது பற்றித்தான் முறையான ஆய்வு எதுவும் நம் கண்ணில் படவில்லை. அக்குறையைத் தீர்க்க இக்கட்டுரை முற்படுகிறது.

ஆய்வுக்குட்பட்டவர்கள் இருவர். தலைவன் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் காருக்கு மென்பொருள் எழுதுகிறவன். தலைவிக்குச் சென்னை ஓ.எம்.ஆரில் வேலை. கல்யாணம் ஆகவில்லை, நிச்சயமும் ஆகவில்லை. தலைமக்களின் பெயரைச் சுட்டுவது அகமரபுக்கு ஒவ்வாது என்பதால் பெயர்களை விட்டுவிட்டோம். தலைவியின் அம்மா பத்திரிகை படிக்கிறவர் என்பது துணைக் காரணம்.

ஆய்வு முறை எளியது. விசா மையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் காலை எட்டரைக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, ஃபைலை நெஞ்சோடு அணைத்து வருகிறவர்கள் பேசுவதைக் காதில் வாங்கிக்கொள்வது. யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. ஃபைலில் இருப்பதை அவர்களே பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் நிற்பவரும் கேட்காமலே ஆலோசனை தருவார். ஒருமுறையாவது ரிஜெக்ட் ஆனவருக்குத்தான் இங்கே ஆசிரியத் தகுதி. முதல் தடவையே கிடைத்தவரை யாரும் மதிப்பதில்லை. அவருக்கு என்ன தெரியும்?

முன்னோர் மதம்

தலைவன் பிரிவதற்கு ஓதல், பகை, தூது, பொருள் என்று தொல்காப்பியம் காரணம் வகுத்திருக்கிறது. ஆகனுக்குப் படிக்கப் போகிறவர் ஓதலிலும், ஷ்டுட்கார்ட்டுக்குச் சம்பாதிக்கப் போகிறவர் பொருளிலும் அடங்கிவிடுவதால் இந்த வகைப்பாட்டில் நாம் கைவைக்கத் தேவையில்லை. கடல் வழிப் போகும்போது பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்றும் அதே நூல் சொல்கிறது. ஒழுக்கம் என்றும் பயணத்தின் இன்னல் என்றும் இதற்குக் காரணம் கற்பிப்பார்கள். டிபென்டென்ட் விசா கிடைக்காததே காரணம் என்பது இவ்வாய்வாளர் துணிபு.

ஓரிடத்தில் மட்டும் மரபு தலைகீழாகிவிட்டது. பழம்பாட்டுகளில் திரும்பும் காலத்தைச் சொல்லிவிட்டுப் போகிறவன் தலைவன். கார்காலத்தில் வருவேன் என்பான். மழை வந்துவிடும், அவன் வரமாட்டான். இது கார் இல்லையடி, காலம் தவறிப் பெய்த மழை என்று தோழி சமாளிப்பாள். இன்றோ, எப்போது திரும்புவாய் என்ற கேள்வி தலைவியை நோக்கி வருகிறது. கேட்பவர் விசா அதிகாரி. பருவம் சொன்னால் அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். தேதியும் விமான எண்ணும் வேண்டும்.

மூலநூல்

1985 ஜூன் 14 அன்று, லக்ஸம்பர்க்கில் ஷெங்கன் என்ற கிராமத்தை ஒட்டி, மோசெல் ஆற்றில் நின்ற ‘பிரின்ஸஸ் மாரி ஆஸ்ட்ரிட்’ என்ற படகில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. தங்களுக்கு இடையிலான எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக எடுத்துவிடுவது என்று முடிவு. இன்று அந்த வட்டத்தில் 29 நாடுகள். ஷ்டுட்கார்ட்டிலிருந்து பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூருக்கு ரயிலேறிப் போய் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வருவதற்கு விசா கேட்பார் இல்லை. உள்ளே போய்விட்டால் எல்லாம் சுகம். உள்ளே போவதற்கான இலக்கணம் 2009-ல் இயற்றப்பட்ட 810 எண்ணுள்ள விசா சட்டத்தொகுப்பில் இருக்கிறது.

அதன் 21ஆம் பிரிவு: விசா முடிவதற்குள் வெளியேறும் எண்ணம் விண்ணப்பித்தவருக்கு உண்டா என்று ஆராய்க. 32ஆம் பிரிவு: அந்த எண்ணத்தில் நியாயமான ஐயம் தோன்றினால் மறுக்க. இதற்கு உரை: எண்ணம் என்பது மனத்துள் இருப்பது, அதை ஏ4 தாளில், மூன்று மாதத்துக்கு, வங்கி முத்திரையோடு தருக.

விண்ணப்பப் படிவத்தில் பயண நோக்கத்துக்குக் கட்டங்கள் இருக்கின்றன. சுற்றுலா, வணிகம், குடும்பத்தாரையோ நண்பரையோ பார்த்தல், பண்பாடு, விளையாட்டு, மருத்துவம், படிப்பு, இன்னும் சில. காதலரைப் பார்த்தலுக்குக் கட்டம் கிடையாது. அவர் குடும்பத்தார் ஆகமாட்டார், ஆகவே நண்பர். வருஷக்கணக்காக வீட்டில் ‘ஃப்ரெண்டும்மா’ என்று சொல்லிவந்த பொய்யை ஐரோப்பிய ஒன்றியம் ஒரே கட்டத்தில் மெய்யாக்கித் தந்துவிடுகிறது.

பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். நோயில் விழுந்தால் ஊருக்குக் கொண்டுவரும் செலவும், இறந்துபோனால் உடலைக் கொண்டுவரும் செலவும் அதில் அடங்க வேண்டும். உயிரோடு இருந்தால் திரும்புவேன் என்ற வாக்கு மட்டும் போதாது என்பது குறிப்பு.

இரண்டு அடுக்குகளின் பகை

தலைவியின் மேசையில் தாள்கள் இரண்டு அடுக்காக இருக்கின்றன. ஏன் போகிறாள் என்பதற்கு ஓர் அடுக்கு: தலைவனின் அழைப்புக் கடிதம், அவன் பாஸ்போர்ட் நகல், குடியிருப்பு அனுமதி அட்டை, இருவரும் மகாபலிபுரத்தில் எடுத்துக்கொண்ட படம். ஏன் வந்துவிடுவாள் என்பதற்கு இன்னொன்று: சம்பளச் சீட்டு, ஆபீஸ் தந்த லீவ் லெட்டர், வருமான வரி ரிட்டர்ன், பி.எஃப். கணக்கு, செங்கல்பட்டுப் பக்கம் அப்பா பேரில் இருக்கும் மனையின் பட்டா, அதற்கு வில்லங்கச் சான்று. பட்டாவைத் தூதரகம் கேட்கவில்லை. டீக்கடை கேட்டது. இருக்கிற சொத்தையெல்லாம் கூட்டிப் போட்டு ஆடிட்டர் ஒருவர் நெட்வொர்த் சர்டிஃபிகேட்டும் தந்திருக்கிறார். வரிக் கணக்கில் இதே குடும்பத்தை ஏழையாக எழுதிக்கொடுத்தவரும் அவரே.

முதல் அடுக்கு உயர உயர இரண்டாம் அடுக்கின் மதிப்பு இறங்குகிறது என்பதே இக்கட்டுரையின் மையக் கண்டுபிடிப்பு. அவன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள் என்று நிரூபித்தால், அப்புறம் ஏன் திரும்பி வருவாள்? வந்தே தீருவாள் என்று நிரூபித்தால், அப்படிப்பட்டவள் எதற்குப் போகிறாள்? இரண்டுக்கும் நடுவே சட்டம் விரும்பும் புள்ளி ஒன்று இருக்கிறது: போகாமல் இருக்க முடியாது, போனால் பதினைந்தாம் நாள் சொந்த ஊர் நினைப்பு வந்துவிடும் என்ற அளவிலான அன்பு. புதுக் காதலில் இது கிடைப்பதில்லை. கல்யாணமாகி இருபது வருஷம் ஆனவர்களிடம் காணப்படுகிறது. அவர்களுக்கு விசா சுலபமாகக் கிடைப்பதன் ரகசியம் இதுவாக இருக்கலாம்.

வாட்ஸ்ஆப் உரையாடலைப் பிரின்ட் எடுத்து வைக்கலாமா என்பதில் டீக்கடை அறிஞர்களிடையே இரு மதங்கள் உண்டு. கேட்காததைக் கொடுக்காதே என்பது ஒன்று. நாலு பக்கம் வைத்தால் உறவு மெய்யென்று விளங்கும் என்பது மற்றொன்று. வைப்பதானால் எதை வைப்பது? ‘உன்னைப் பாக்காம இருக்க முடியல’ என்பது முதல் அடுக்குக்கு வலு, இரண்டாவதுக்கு வேட்டு. ‘நீ மட்டும் வா, திரும்பிப் போகவே விடமாட்டேன்’ என்று அவன் ஆசையில் எழுதியது நேரே 32ஆம் பிரிவில் போய் மாட்டும். நம் பரிந்துரை, சண்டைகளை வைப்பது. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் ஜெர்மனி கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கிறது. கோடையில் மூன்றரை மணியாக இருக்கும் இடைவெளி குளிர்காலத்தில் நாலரை ஆகிறது. ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, மற்றவர் இன்னும் மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். ‘ஒரு மணி நேரமா காத்துக்கிட்டிருந்தேன்’ என்ற குற்றச்சாட்டும், ‘இந்த ஊரு கடிகாரத்தை நானா மாத்தினேன்?’ என்ற பதிலும் சேர்ந்தால், உறவு மெய் என்பதும் திரும்பி வர முகாந்திரம் உண்டு என்பதும் ஒரே பக்கத்தில் நிறுவப்படுகின்றன.

சூளுரை

பிரியமாட்டேன் என்று தலைவன் தெய்வத்தின்மேல் ஆணையிடுவது அகத்தில் பழைய வழக்கம். ஷ்டுட்கார்ட் தலைவன் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நேரில் போனான். 29 யூரோ கட்டினான். சம்பளச் சீட்டையும் வாடகை ஒப்பந்தத்தையும் காட்டினான். பாதுகாப்புத் தாளில் அச்சான ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டான். ‘ஃபெர்ப்ஃப்ளிஷ்டுங்ஸ்எர்க்லேருங்’ என்பது அதன் பெயர். மூச்சுப் பயிற்சி உள்ளவர்கள் சொல்லிப் பார்க்கலாம். ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 66 முதல் 68 வரையான பிரிவுகள்படி, அங்கே அவளுக்கு ஆகும் சாப்பாடு, தங்குமிடம், வைத்தியச் செலவு ஆகியவற்றில் அரசு கொடுக்க நேர்வதை அவன் திருப்பித் தர வேண்டும். இந்தப் பொறுப்பு ஐந்து ஆண்டு வரை நீளும். அவள் திரும்பாமல் இருந்து, அரசே பிடித்து விமானம் ஏற்றினால், அந்தச் செலவும் அவன் தலையில்தான்.

உன்னை நாடு கடத்தும் செலவை நானே ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுத்த தலைவன் நம் அக இலக்கியத்தில் எவனும் இல்லை. நகல் செல்லாது என்பதால் அசல் தாள் கூரியரில் வந்தது. தலைவி அதை இரவு முழுக்கத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாளாம். அவளுக்கு ஜெர்மன் தெரியாது.

வீட்டுத் தூதரகம்

விசா மையத்தின் கவுன்டரில் இருப்பவர் தாள்களை வரிசைப்படுத்தி வாங்குவார், பத்து விரல் ரேகை எடுப்பார், ரசீது தருவார். முடிவு அவர் கையில் இல்லை. அவர் பெரிதாக ஒன்றும் கேட்பதும் இல்லை. உண்மையான நேர்காணல், பட்டாவின் நகல் வேண்டுமென்று அப்பாவிடம் கேட்ட அன்று மாம்பலத்தில் நடந்தது. அப்பா பீரோ சாவியைத் தேடப் போனார். கேள்வி கேட்டது அம்மா.

“யாரைப் பாக்கப் போற?”

“ஃப்ரெண்டும்மா.”

“எங்க தங்குவ?”

“ஃப்ரெண்டு வீட்டுல.”

“செலவு யாரு?”

பதில் இல்லை.

“எப்ப வருவ?”

சட்டத்தொகுப்பின் 14ஆம் பிரிவு விண்ணப்பித்தவரிடம் ஆதாரம் கேட்கும் விஷயங்கள் நான்கு: பயண நோக்கம், தங்குமிடம், செலவுக்கு வழி, திரும்பும் எண்ணம். அம்மா கேட்ட நான்கும் அவையே, வரிசைகூட மாறவில்லை. அம்மா அந்தத் தொகுப்பைப் படித்ததற்குச் சான்று இல்லை. அதை எழுதியவர்களில் யாராவது மாம்பலத்தில் பெண்ணைப் பெற்றவராக இருந்திருக்கலாம் என்ற கருதுகோளை முன்வைக்கிறோம். இருவருக்கும் ஒரே வேறுபாடு: ஐரோப்பா கைரேகையை அதிகபட்சம் ஐந்து ஆண்டு வைத்திருந்து அழித்துவிடுகிறது. அம்மாவிடம் அத்தகைய காலவரம்பு கிடையாது.

அம்மாவுக்கு மேல்முறையீடு அப்பாவிடம். அவர் பட்டாவை நீட்டியபடி, “பையன் என்ன சம்பளம் வாங்குறான்?” என்று மட்டும் கேட்டார். தலைவி உறுதிமொழித் தாளைக் காட்டினாள்.

காத்திருப்பும் பிறகும்

முடிவுக்குப் பதினைந்து நாள். சந்தேகம் வந்தால் நாற்பத்தைந்து வரை. இந்த இடைவெளியில் சிலர் ஹைதராபாத் பக்கம் சில்கூர் பாலாஜியைப் பார்க்கப் போகிறார்கள். வேண்டிக்கொள்ள 11 சுற்று, கிடைத்தபின் வந்து 108 சுற்று. அங்கே உண்டியல் கிடையாது. தூதரகத்துக்குக் கட்டிய 90 யூரோ மறுத்தாலும் திரும்பாது. அந்தச் சந்நிதியிலும் நிபந்தனை, திரும்பி வருவதுதான் என்பதை ஆய்வுலகம் கவனிக்க வேண்டும்.

மறுத்தால், அச்சடித்த ஒரு தாளில் ஒரு கட்டத்தில் குறியிட்டு அனுப்புவார்கள். கொடுத்தால், எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் அங்கே இருக்கக் கூடாது. இந்தியர்களுக்கென்று 2024 ஏப்ரலில் ஒரு சலுகையும் வந்தது: மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்ததை இரண்டு ஆண்டுக்குப் பலமுறை போய்வரத் தரலாம். இரண்டு தடவை பிரிந்து காட்டியவரைத்தான் சேர்ந்திருக்க நம்பலாம் என்பது இதன் தத்துவம்.

தலைவிக்குக் கிடைத்தது. போனாள், சொன்ன தேதியில் வந்தாள். அதன்பின் நடந்தவை இரு வீட்டார் சம்மதத்தோடு நடந்தவை என்பதால் ஆய்வுச் சுவை குறைவு. ஒன்றை மட்டும் பதிவு செய்கிறோம். மனைவியாகப் போவதற்கு விசா வகை வேறு. கணவர் வைத்திருக்கும் அனுமதியைப் பொறுத்துச் சிலருக்கு ஏ1 ஜெர்மன் தேர்வும் உண்டு. அங்கேயே சேர்ந்து வாழப்போகிறோம் என்பதை இப்போது காட்ட வேண்டும். வேலையை விடுகிறாள் என்றால் தப்பில்லை. ஒளித்து வைத்த படங்களெல்லாம் மேலே வந்தன. லீவ் லெட்டரும் பி.எஃப். கணக்கும் பட்டாவும் அடுக்கிலிருந்து உருவப்பட்டன.

“இது வேணாமா?” என்றார் அப்பா.

“வேணாம்ப்பா. திரும்பி வருவேன்னு காட்டுறதுக்குத்தான் அது.”

“அப்ப வில்லங்கத்துக்கு நான் அலைஞ்ச அலைச்சல்?”