ஒற்றை ஆள் கம்பெனி

கேள்வி: ஐ.டி. வேலையை விட்டுவிட்டுத் தனியாக ஒரு கேம் செய்து விற்கப் போகிறேன் என்கிறான் தம்பி. ஒற்றை ஆளால் ஆகிற காரியமா?

பதில்: ஆகும், ஆனால் நாளாகும். அமெரிக்காவின் சியாட்டிலில் எரிக் பரோன் என்பவர் ‘ஸ்டார்ட்யூ வேலி’ என்ற கேமை நாலு வருஷத்துக்கும் மேல் தனியாகவே செய்தார். கோடிங், படம், இசை, கதை எல்லாம் அவரே. வரைந்த முகங்கள் திருப்தி தராமல் திரும்பத் திரும்ப வரைந்தார். கைச்செலவுக்குத் தியேட்டரில் சீட் காட்டும் வேலை. குடும்பத்தைத் தாங்கியது காதலியின் சம்பளம். 2016-இல் வெளியாகிக் கோடிக்கணக்கில் விற்றது. அதன்பிறகும் பக் வந்தால் அவர்தான் உட்கார வேண்டியிருந்தது. கைகாட்டப் பக்கத்து சீட்டில் ஆள் ஏது?

மாசச் செலவுக்கு வழி வைத்திருக்கிறானா என்று மட்டும் கேளுங்கள். இருந்தால் தடுக்காதீர்கள். கேம் வந்ததும் முதல் ஆளாகக் காசு கொடுத்து வாங்குங்கள். அண்ணன் என்று ஓசி கேட்கக்கூடாது!