ஓவன் தட்டின் பதவியிறக்கம்: பேராக் சமையலறைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

மலேசியாவின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 நவம்பர் 15ஆம் நாள் நடப்புக்கு வந்தது. வாங்கிய பொருளில் குறையிருந்தால் பழுதுபார்த்துத் தரச் சொல்லலாம், மாற்றிக் கேட்கலாம், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். கடைக்காரர் கையை விரித்தால் 5 வெள்ளி கட்டணம் செலுத்திப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுக்கலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, வைக்கவும் விடமாட்டார்கள். மூன்று ஆண்டு வரை அவகாசம் உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 50,000 வெள்ளி வரை கோரலாம். இத்தனை வசதி இருந்தும், கீறல் விழுந்த ஒரு பீங்கான் ஓவன் தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு புந்தோங்கிலிருந்தோ சுங்கை சிப்புட்டிலிருந்தோ ஒரு தமிழ்க் குடும்பத் தலைவி அந்த மன்றத்தின் படியேறுவதை நம்மால் கற்பனை செய்ய முடிவதில்லை. கூச்சம், சோம்பல், ரசீதைத் தொலைத்த குற்ற உணர்வு என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எதையும் இவ்வாய்வு ஏற்கவில்லை. கூச்சப்படுகிறவர்கள் மீன் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்ப்பதில்லை. இங்கே முன்வைக்கப்படும் கருதுகோள் வேறு: நம் சமையலறையில் தட்டு பழுதாவதே இல்லை. அது பதவி இறங்குகிறது. பழுதாகாத பொருளுக்கு எவரும் மாற்றுக் கேட்பதில்லை.

தட்டு ஏன் கீறுகிறது என்பதை முதலில் தீர்த்துக்கொள்வோம். பேரங்காடிகளில் அட்டைப்பெட்டிக்குள் விற்கப்படும் கனமான ஓவன் தட்டுகள் பெரும்பாலும் 1,200 முதல் 1,300 டிகிரி வரையிலான சூட்டில் கல்லாக இறுகச் சுடப்பட்டவை. மண்ணின் துகள்கள் பாதி கண்ணாடியாக உருகி ஒட்டிக்கொள்வதால் உள்ளே தண்ணீர் இறங்காது. மீன்குழம்பு வைக்கும் மண்சட்டியோ 1,000 டிகிரிக்கும் குறைந்த சூட்டில் வெந்தது, உடலெங்கும் நுண்துளை. எது உறுதியானது என்று கேட்டால் யாரும் முன்னதைத்தான் காட்டுவார்கள். கீழே போட்டுப் பார்ப்பதானால் அது சரி. ஆனால் திடீர்ச் சூட்டின் முன்னால் கதை தலைகீழ். மண்சட்டியில் புறப்படும் கீறல் அடுத்த துளையில் முட்டி நின்றுவிடுகிறது; இறுகிய பீங்கானில் அதைத் தடுக்க ஆளில்லை, மறுகரை வரை ஓடிவிடுகிறது. உறைபெட்டியிலிருந்து எடுத்த தட்டை 200 டிகிரி ஓவனுக்குள் வைத்தாலும், ஓவனிலிருந்து எடுத்த தட்டை ஈரமான மேடையில் வைத்தாலும், ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாத சண்டையில் தட்டு பிளக்கிறது. சில பீங்கான் உடல்களில் கிறிஸ்டோபலைட் என்ற மணற்சத்து இருக்கும். அது 220 டிகிரியை ஒட்டிச் சட்டென்று பருமன் மாறும் குணமுடையது. நம் தீபாவளி பிஸ்கட் அதற்குச் சற்றுக் கீழேதான் வேகிறது. இந்தப் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி அட்டைப்பெட்டியில் எவரும் அச்சிடுவதில்லை.

கீறல் கண்ணில் பட்ட நாளில் நடப்பதை முறையாகக் கவனித்தால் கருதுகோளுக்கு முதல் சான்று கிடைக்கும். தட்டு குப்பைக்குப் போவதில்லை. ஓவன் பணியிலிருந்து மட்டும் விடுவிக்கப்படுகிறது. அடுத்த பணியிடம் வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய் ஆகிய உலர்சாமான் பிரிவு. கீறல் நீண்டால் சமையலறையை விட்டு வெளியே மாற்றல்: கற்பூரவல்லித் தொட்டிக்கு அடித்தட்டு, அல்லது வெள்ளிக்கிழமை சாம்பிராணித் தணலுக்குத் தாங்கி. இரண்டாகப் பிளந்தாலும் ஓய்வு கிடையாது. பெரிய துண்டு பூந்தொட்டியின் வடிகால் துளையை மறைக்கும். சின்னத் துண்டு ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக் கொடுக்கும். இந்தப் படிநிலையில் பதவி உயர்வு என்பதே இல்லை. ஒரே விலக்கு தீபாவளிக்கு முந்தைய வாரம்: தட்டுகள் போதாத நெருக்கடியில், வெங்காயத்தைக் கொட்டிவிட்டு அலுமினியத் தாள் விரித்து, சுட்ட பிஸ்கட்டை ஆறவைக்கும் தற்காலிகப் பொறுப்பு அதற்கு வழங்கப்படுவதுண்டு. பண்டிகை முடிந்ததும் பழைய பணியிடம்.

இது நேற்று வந்த பழக்கம் என்று எண்ணுவோருக்குத் தமிழ்நாட்டின் கீழடியைச் சுட்டிக்காட்ட வேண்டும். அங்கே அகழ்ந்தெடுத்தவற்றில் வட்டமாகத் தேய்க்கப்பட்ட பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. பாண்டி ஆடப் பயன்பட்ட வட்டச் சில்லுகள் என்று தொல்லியலாளர் அவற்றை வகைப்படுத்துகிறார்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு உடைந்த பானை ஒன்று, மாற்றுப் பானைக்கு விண்ணப்பிக்காமல், விளையாட்டுத் துறைக்கு மாற்றலாகிப் போயிருக்கிறது என்பதே இதன் பொருள். வேறு சில ஓடுகளில் ஆதன் என்றும் குவிரன் என்றும் உரிமையாளர் பெயர் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருக்கிறது. வாங்கியவர் பெயர் இருக்கிறது, விற்றவர் பெயர் இல்லை, தேதி இல்லை. இன்றைய நடுவர் மன்றத்தில் அந்த ஓட்டைச் சான்றாக நீட்டினால் ஆதனின் மனு திணறும்.

இரண்டாவது சான்று விரல்முட்டியில் இருக்கிறது. பொங்கல் பானையோ குழம்புச் சட்டியோ, தட்டிப் பார்க்காமல் வாங்குகிற வழக்கம் நம்மிடம் இல்லை. நல்ல பானை கணீரென்று ஒலிக்கும். உள்ளே மயிரிழைக் கீறல் இருந்தால் சொத்தென்று அடங்கிப்போகும். பொருளின் தரத்துக்கு விற்பவர் பொறுப்பா, வாங்குபவர் பொறுப்பா என்ற கேள்வியை இந்த ஒரு தட்டல் விற்பனைக்கு முன்பே முடித்துவைக்கிறது. தட்டிக் கேட்டு, தலையசைத்து, காசைக் கொடுத்தவர் அந்தப் பானைக்குத் தாமே உத்தரவாதி ஆகிவிடுகிறார். பிறகு அது கீறினால் கடைக்குப் போய் நிற்பது தன் காது தவறிவிட்டதென்று ஊரறியச் சொல்வதற்குச் சமம். ஓவன் தட்டோ நெகிழி உறைக்குள், அட்டைப்பெட்டிக்குள் வருகிறது. தட்டிப் பார்த்தால் அட்டைதான் ஒலிக்கும். விரல்முட்டியின் அதிகாரம் பறிபோன இடத்தில்தான் உத்தரவாத அட்டை முளைத்தது. ஆனால் பழைய பொறுப்புணர்ச்சி மட்டும் வாங்கியவரை விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வந்து உறையைக் கிழித்தவுடன் தட்டைத் தட்டிப் பார்ப்பதும், மண்சட்டியைப் பழக்குவதுபோல் அதிலும் கஞ்சித் தண்ணீரை ஊற்றிவைப்பதும் இதனால்தான். மண்சட்டியில் அந்தக் கஞ்சி துளைகளை அடைக்கிறது. பீங்கானில் அடைக்க ஒன்றுமில்லை; சடங்கு நிறைவேறியது என்பதோடு சரி.

இதெல்லாம் வறுமையின் விளைவு, இதற்குப்போய் கொள்கை எதற்கு என்று ஒரு மறுப்பு எழும். எளிதில் தள்ளக்கூடிய மறுப்பன்று. பேராக்கின் தோட்டப்புற லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு மாற்றுப் பாத்திரம் வாங்குவது சம்பள நாளைப் பொறுத்த காரியமாகவே இருந்தது. மைலோ டின்னில் ரோசாச்செடியும் மண்ணெண்ணெய் டின்னில் குளிக்கும் தண்ணீரும் இருந்ததற்கு அழகியல் காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் தோட்டத்தை வேறொரு கோணத்திலும் பார்க்க வேண்டும். இந்நாட்டு வரலாற்றில் மாற்றீடு என்பதை அட்டவணை போட்டுச் செய்த இடம் தோட்டம்தான். 1877இல் ஒன்பது ரப்பர்க் கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன; அவற்றின் மிச்சமாக ஒரு மரம் இன்றும் மாவட்ட அலுவலகத்தருகே வேலி கட்டிக் காக்கப்படுகிறது. மற்றபடி ரப்பருக்குக் கருணை கிடையாது: 25, 30 ஆண்டில் பால் குறைந்தால் மரம் சாய்க்கப்படும், புதுக்கன்று வரும். பிறகு ரப்பருக்கே மாற்றாகச் செம்பனை வந்தது. பால் சேர்க்கும் மங்குகூடச் சிரட்டையிலிருந்து பீங்கானுக்கும் பீங்கானிலிருந்து பிளாஸ்டிக்குக்கும் மாறியது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது முதலாளியே மாறினார்; சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன், தோட்டங்களை வாங்குவதற்காகத் தொழிலாளரிடம் 1960இல் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்க வேண்டிய நிலை வந்தது அதனால்தான். மரம், பயிர், மங்கு, முதலாளி எல்லாம் முறைப்படி மாற்றப்பட்டன. லயத்து வீட்டுச் சட்டி மாறவில்லை. மாற்றீடு என்றால் தன்னைக் கேட்காமல் மேலிடத்தில் நடப்பது என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்த ஒரு சமூகம், அதைத் தன் உரிமையாக எண்ணிப் படிவம் நிரப்பப் பழகாததில் வியப்பில்லை. வறுமைதான் முழுக் காரணம் என்றால் சம்பளம் உயர்ந்ததும் பதவியிறக்கம் நின்றிருக்க வேண்டும். ஈப்போவின் புதிய குடியிருப்புகளில், இரண்டு ஓவன் உள்ள வீடுகளிலும், வெங்காயம் பீங்கானில்தான் கிடக்கிறது.

வைதிகர்கள் வேறொரு மறுப்பைக் கொண்டுவருவார்கள்: உடைந்த பாத்திரம் வீட்டில் இருக்கலாகாது, தரித்திரம். விதி உண்மைதான். ஆனால் அதன் அதிகார எல்லை பூசையறையிலும் கூடத்திலும் முடிந்துவிடுகிறது. பின்கட்டில் அது செல்லுபடியாவதில்லை. மேலும் விதி சொல்வது உடைசலை, கீறலை அன்று. எந்தக் கட்டத்தில் கீறல் உடைசல் ஆகிறது என்பதை நிர்ணயிக்கும் அதிகாரம் வீட்டின் மூத்த பெண்ணிடம் இருக்கிறது. அவர் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை.

மூன்றாவது மறுப்பு மருத்துவருடையது. இதில் மட்டும் ஆய்வாளர் விளையாட்டை ஒதுக்கி வைக்கிறார். மேற்பூச்சில் சிலந்தி வலை போல் ஓடும் வெடிப்புகளில் எண்ணெயும் ஈரமும் இறங்கித் தங்கும், கழுவினால் போகாது. பழைய மலிவுப் பீங்கான்களின் பூச்சில் ஈயம் கலந்திருந்தால் புளி, தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்புப் பொருள்கள் அதைக் கரைத்துக் குழம்பில் சேர்க்கும். ஆகவே கீறல் கண்ட தட்டைச் சமையலிலிருந்து விலக்குவது சரி. நம் வழக்கமும் அதைத்தான் முதல் வேலையாகச் செய்கிறது. ஊறுகாய் போட அதைப் பயன்படுத்துகிறவர்கள் எவரேனும் இருந்தால் அவர்களை இக்கட்டுரை ஆதரிக்கவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது: வழக்கமாக எதற்காக விற்கப்படுகிறதோ அதற்கு உதவ வேண்டும், பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டும், சிறு குறையும் இருக்கலாகாது, பாதுகாப்பானதாகவும் நீடித்து உழைப்பதாகவும் இருக்க வேண்டும். ‘பாராங் யாங் தெலா டிஜுவால் தீடாக் போலே டிகெம்பாலிகான்’ (விற்ற பொருளைத் திருப்பித் தர முடியாது) என்று கடையில் எவ்வளவு பெரிதாக எழுதி மாட்டினாலும் இந்த உத்தரவாதத்தை அது ரத்து செய்துவிடாது. அறிவிப்பைப் படித்துவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் தேவையில்லாமல் திரும்புகிறார்கள். ஆனால் நியாயமான பயனீட்டாளர் செய்யாத முறையில் பொருளைப் பயன்படுத்தினால் கோரிக்கை விழுந்துவிடும். வழக்கு முழுதும் இந்த முனையில்தான் நிற்கும்: தட்டு பிறவியிலேயே கீறியதா, நாம் கீறவைத்தோமா? குயவர்களுக்கு இதற்கு ஒரு தடயம் தெரியும். கீறலின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். பூச்சு உருகி விளிம்பு மழுங்கியிருந்தால் கீறல் சூளைக்குள்ளேயே விழுந்தது. விற்றவர் பதில் சொல்ல வேண்டும். விளிம்பு கத்தியாக வெட்டினால் பூச்சு இறுகிய பிறகு விழுந்தது. அப்போது சூளையில் குளிர்ந்த கடைசி நேரமும், லாரியும், நம் ஈர மேடையும் சேர்ந்தே சந்தேகத்துக்கு ஆளாகும். கோலகங்சாரின் சாயோங்கில் செய்யப்படும் சுரைக்காய் வடிவக் கரிய தண்ணீர்க் குடத்தை இந்தப் பிரிவின்கீழ் கொண்டுவந்தால் நடுவருக்கு வேறொரு சிக்கல் வரும். அது தண்ணீரைக் கசியவிடுவது குறையன்று; கசிவு ஆவியாகித்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது. கசியாத குடத்துக்குத்தான் வழக்குப் போட வேண்டும்.

இவ்விடத்தில்தான் சட்டமும் சமையலறையும் நேருக்கு நேர் மோதுகின்றன. இந்தத் தட்டு தன் வேலைக்கு உதவுகிறதா என்று சட்டம் கேட்கிறது. இந்தத் தட்டுக்கு இப்போது எந்த வேலை உதவும் என்று சமையலறை கேட்கிறது. முதல் கேள்விக்கு இல்லை என்ற பதில் சாத்தியம். இரண்டாவது கேள்விக்கு அந்தப் பதிலே கிடையாது. அதனால் கோரிக்கைக்கு வேண்டிய குறை என்பது எந்த நாளிலும் பிறப்பதில்லை. சட்டத்தின் நுணுக்கமும் பதவியிறக்கத்துக்கு எதிராகவே வேலை செய்கிறது. பொருளை நிராகரிக்கும் உரிமையை நியாயமான காலத்துக்குள் பயன்படுத்த வேண்டும். பொருள் வேறொன்றோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டின் கீறல் வழியே மல்லிகை வேர் விட்டுத் தரையைப் பிடித்துவிட்டால், செடியைச் சேதப்படுத்தாமல் தட்டைப் பிரிக்க முடியுமா என்பது சட்டக் கல்லூரிகள் எடுத்துக்கொள்ளத்தக்க வினா.

கடைசியாக ஒரு நடைமுறைத் தடை. மேற்சொன்ன அத்தனையும் கூடிவந்து, விளிம்பு மழுங்கி, ரசீதின் மை அடுப்புச் சூட்டில் வெளுக்காமல் பிழைத்து, கடைக்காரரும் மாற்றித்தர இசைந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். பொருளை நிராகரிப்பவர் பழையதைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். கீறிய தட்டைக் கொண்டுவரச் சொல்வார்கள். அதில் வெங்காயம் இருக்கிறது.