சுவரொட்டியும் மண்ணீரலும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கறிக்கடை வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா, "பாய், சுவரொட்டி ரெண்டு எடுத்து வைங்க. பாப்பாவுக்கு ரத்தம் கம்மின்னு டாக்டரம்மா சொன்னாங்க" என்றார். பக்கத்தில் நின்ற பாப்பா என்னிடம் படித்தவள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் நூற்றுக்கு 98.

"சுவரொட்டின்னா என்னம்மா?" என்று கேட்டேன்.

"தெரியல சார். அம்மா மிளகு போட்டு வறுத்துக் குடுப்பாங்க."

"சரி, மண்ணீரல் தெரியுமா?"

சாவி கொடுத்த பொம்மை மாதிரி நிமிர்ந்தாள். இரண்டாம் நிலை நிணநீர் உறுப்பு, முதிர்ந்த சிவப்பணுக்களைச் சிதைப்பது, எதிர்ப்பொருள் உண்டாக்குவது என்று ஒரு கால்புள்ளி பிசகாமல் ஒப்பித்தாள். அதற்குள் பாய் கருஞ்சிவப்பாக ஒன்றை அறுத்தெடுத்துக் கட்டையின் மேல் சொத்தென்று போட்டார். "இதுதான் பாப்பா அந்த மண்ணீரல்" என்றார். இரண்டு பெயரும் தெரிந்த ஒரே ஆள் அந்த இடத்தில் அவர்தான். படிப்பு எட்டாம் வகுப்பு. பாப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்வாங்கினாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இருபத்திரண்டு ஆண்டு விலங்கியல் வாத்தியார் நான். அந்த 98-இல் என் கைங்கர்யமும் உண்டு.

நியாயமாகப் பார்த்தால் அந்தக் கறிக்கடைதான் எங்கள் ஊரின் ஆகச்சிறந்த உயிரியல் ஆய்வகம். ஆட்டு இதயத்தை நெடுக்காகப் பிளந்தால் நான்கு அறையும் தெரியும். இடப்பக்கச் சுவர் ஏன் அத்தனை தடிப்பு என்று கையில் பிடித்தவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிளப்பதற்கு முன்னால் பெருந்தமனிக்குள் தண்ணீர் ஊற்றினால் வால்வு மூடிக்கொண்டு தண்ணீரைத் தாங்கி நிற்கும். நுரையீரலை மூச்சுக்குழாயோடு வாங்கி, பப்பாளி இலைக் காம்பைச் செருகி ஊதினால் பூரி மாதிரி உப்பும். வாயை எடுத்தால் தானாகச் சுருங்கும். புத்தகம் பக்கம் பக்கமாக மூச்சு வாங்குகிற பாடம் இது. கையில் எடுத்தால் பத்து நிமிடம்.

ஒரே ஒருமுறை வகுப்பில் செய்தேன். கடைசி பெஞ்சுப் பையன்கள் முதன்முறையாக முன் பெஞ்சுக்கு வந்து மொய்த்தார்கள். மறுநாள் தலைமையாசிரியர் அறையில் விசாரணை. "வகுப்புக்குள்ள கறி கொண்டுவந்தீங்களாமே?" என்று ஏதோ சாராயம் கொண்டுவந்த தொனியில் கேட்டார். பின்கட்டில் தினமும் சத்துணவுக்கு முட்டை வேகிற பள்ளி அது. "வேணும்னா ஸ்மார்ட் போர்டுல காட்டுங்க சார், அதுக்குத்தானே வாங்கி மாட்டியிருக்கோம்" என்றார். ஸ்மார்ட் போர்டு மூன்று மாதமாக மூச்சில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பப்பாளிக் காம்பால் ஊதினாலும் அது எழுந்திருக்காது.

கல்லூரிகளில் விலங்குகளை அறுப்பதை நிறுத்தச் சொல்லிப் பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் உத்தரவு போட்டது. நல்ல காரியம், வகுப்புக்காக ஒரு தவளைகூடச் சாக வேண்டாம். ஆனால் ஊர் தின்பதற்காக ஏற்கெனவே செத்துப்போன ஆட்டின் இதயத்தைத் தொட என்ன தடை? எந்தச் சட்டமும் இல்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு போட்டார்கள். கட்டத்தை ஸ்கேன் செய்தால் படம் ஓடும். ஸ்கேன் செய்யக் கைப்பேசி வேண்டும். பள்ளிக்குள் மாணவர் கைப்பேசி கொண்டுவந்தால் பறிமுதல். ஜன்னலுக்கு வெளியே செம்பருத்தி பூத்துக் குலுங்குகிறது. மகரந்தத் தாள்களெல்லாம் ஒட்டிக் குழாயாகி, அதற்குள் சூல் தண்டு நுழைந்து ஐந்து முனையாக வெளியே வருவதை நகத்தால் கீறியே பார்த்துவிடலாம். ஆனால் அதன் கழுத்தில் 'பூக்களைப் பறிக்காதீர்' என்று பலகை தொங்குகிறது. ஆக, பூவைப் பார்க்க வழியில்லை. பூவின் படத்தைப் பார்க்கவும் வழியில்லை. பாடத்தில் வரும் ஊமத்தையும் சங்குப்பூவும் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் அனுமதிக்காகக் காத்து நிற்கின்றன. 'அத்தி பூத்தாற்போல' என்று மேடைக்கு மேடை பேசுகிற தமிழாசிரியரும், அத்தியின் பூக்கள் காய்க்குள்ளேயே ஒளிந்திருப்பதைப் பாடமாக நடத்துகிற தாவரவியல் ஆசிரியரும் ஒரே ஓய்வறையில்தான் டீ குடிக்கிறார்கள். ஒரு காயைப் பிட்டு நடுவில் வைக்க இருவருக்கும் தோன்றியதில்லை.

2017-இல் தண்ணீர் ஆவியாகாமல் தடுக்க வைகை அணையில் தெர்மோகோலை மிதக்கவிட்டபோது நாடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நம் உயிரியல் கல்வி அதன் மேல்தான் மிதந்துகொண்டிருந்தது. செல்லுக்குத் தெர்மோகோல், இதயத்துக்குத் தெர்மோகோல், கொசுவின் வாழ்க்கைச் சுழற்சிக்கும் தெர்மோகோல். இரவு முழுக்க அப்பா அறுக்க, அம்மா பெயின்ட் அடிக்க, பிள்ளை தூங்கி எழுந்து தூக்கிக்கொண்டு வரும். பரிசும் வாங்கும். அதே நேரம் பள்ளியின் மூடியில்லாத தண்ணீர்த் தொட்டிக்குள் கூத்தாடிப் புழுக்கள் நிஜமான வாழ்க்கைச் சுழற்சியை நாள் தவறாமல் நடத்திக்கொண்டிருக்கும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மொண்டு வாயில் துணி கட்டி வைத்தால், பத்து நாளுக்குள் புழு கூட்டுப்புழுவாகி, கொசுவாகி வருவதைப் பார்த்து முடித்துவிடலாம். தொட்டியை எட்டிப் பார்த்த ஒரே ஆள் டெங்கு ஒழிப்புக்கு வந்த சுகாதார ஆய்வாளர். அவரும் அபராதம் போட்டுவிட்டுப் போனார்.

ரெக்கார்டு நோட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம் வந்து சேரும். நுண்ணோக்கியில் பார்த்ததை வரைவதுதான் ரெக்கார்டு என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கக்கூடும். எங்கள் ஊரில் போன வருட அண்ணன் வரைந்ததைப் பார்த்து வரைவது ரெக்கார்டு. அந்த அண்ணன் அதற்கு முந்தைய அக்காவைப் பார்த்து வரைந்தவன். இப்படிப் படியெடுக்கும்போது ஒரு பிழை புகுந்தால் அது அடுத்த தலைமுறைக்கும் கடத்தப்படும். எங்கள் பள்ளியில் யாரோ ஒரு அண்ணன் கைதவறி அமீபாவுக்கு இரண்டு உட்கரு போட்டுவிட்டான். நான்கு ஆண்டுகள் எல்லா அமீபாக்களும் இரண்டு உட்கருவோடு பிறந்தன. நானும் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். திடீர்மாற்றமும் மரபுக்கடத்தலும் எங்கள் பள்ளியில் கண்கூடாக நடந்தது இந்த ஒரு இடத்தில்தான்.

ஆய்வகம் ஏன் பூட்டியே கிடக்கிறது என்று கேட்பீர்கள். ஸ்டாக் ரிஜிஸ்டர் என்று ஒன்று இருக்கிறது. நுண்ணோக்கியைப் பிள்ளைகள் கையில் கொடுத்து லென்ஸ் உடைந்தால் ஆடிட்டில் ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும். பூட்டி வைத்து அது துருப்பிடித்துச் செத்தால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? மீதிப் பொழுதுக்கு எமிஸ் இணையதளம் இருக்கிறது. பிள்ளைகளைப் பற்றிய விவரங்களைப் பதிவேற்றி முடித்தால்தான் பிள்ளைகளைப் பார்க்க முடியும். ஸ்டான்ஃபோர்டிலிருந்து மனு பிரகாஷ் 2014-இல் காகிதத்தை மடித்தே ஒரு நுண்ணோக்கி செய்து காட்டினார், பொருட்செலவு ஒரு டாலருக்கும் கீழே. யார் கையிலும் புழங்கட்டும் என்றுதான் அவர் அதை அவ்வளவு மலிவாகச் செய்தார். நம்மிடம் வந்தால் அதற்கும் ஒரு வரிசை எண் ஒட்டி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவோம். ஆய்வகத்து ஃபார்மலின் பாட்டிலில் இருக்கிற தவளைக்கு என்னைவிட சர்வீஸ் அதிகம். ஓய்வு வயதைத் தாண்டியும் பணி நீட்டிப்பில் இருக்கிறது.

அரசு சும்மா இருக்கவில்லை, பயிற்சி கொடுக்கிறது. 'உள்ளூர் வளங்களைக் கொண்டு உயிரியல் கற்பித்தல்' என்ற தலைப்பில் மூன்று நாள் பயிற்சிக்கு என்னையும் அனுப்பினார்கள். ஏசி மண்டபம். ஜன்னல்களுக்குக் கனத்த திரை. மேடையின் இரு பக்கமும் பிளாஸ்டிக் செடி. கருத்தாளர் எண்பது சொச்சம் ஸ்லைடு காட்டினார். அதில் ஒன்றில் எருக்கஞ்செடி வந்தது. அதே எருக்கு மண்டபத்துக் கழிவுநீர்க் கால்வாய் ஓரமாக மார்பளவு வளர்ந்திருந்தது. இலையில் மஞ்சளும் கறுப்புமாக வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. தேநீர் இடைவேளையில் நாலு பேர் அங்கே சிறுநீர் கழித்துவிட்டு வந்து, 'சூழலியலில் உள்ளூர்த் தாவரங்கள்' அமர்வில் உட்கார்ந்தோம்.

இப்போது அந்தத் தடைக்கு வருகிறேன்.

செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் நடக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, நஞ்செடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்குப் போகிற நஞ்சில் பெரும்பங்கு அந்தக் கைகளிலிருந்து போவது. மலைப்பாம்புத் தொல்லை தாங்காமல் அமெரிக்காவின் புளோரிடாக்காரர்கள் 2017-இல் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் விமானத்தில் அழைத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. ஆனால் சங்கத்திலிருந்து கூப்பிடு தூரத்துப் பள்ளிக்கூடத்தில் 'ஊர்வன' பாடம் நடத்த அவர்களுக்கு ஒரு பீரியடு கிடையாது. பி.எட். முடிக்கவில்லையாம். நடத்துவது என்னைப் போன்றவன்; கறிக்கடைக்குக் கிளம்பும்போது வாசலில் சாரை தெரிந்தால் நாற்காலி மேல் ஏறுகிறவன்.

என் வகுப்பிலும் ஒரு இருளர் வீட்டுப் பையன் இருந்தான். மணலில் கிடக்கிற தடத்தைப் பார்த்து எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது, போய் எவ்வளவு நேரம் என்று சொல்வான். விலங்கியல் ஒரு மதிப்பெண் வினாக்களில் பதினைந்துக்கு நாலு வாங்கினான். 'மெல்லக் கற்போர்' பட்டியலில் அவன் பெயரை என் கையால் எழுதினேன். அவன் அப்பாவைக் கூப்பிட்டு, பையனின் அறிவைப் பற்றி நான் பெருமையாகப் பேச ஆரம்பித்ததும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "பாம்பு புடிக்கிற பொழப்பு என்னோட போவட்டும் சார். அவன அதுலேர்ந்து வெளிய கொண்டாரத்தான் இங்க அனுப்புறேன்."

அவர்மேல் தப்பே இல்லை. சேற்றில் கால் வைக்கிறவன், தோலை உரிக்கிறவன், வலை இழுக்கிறவன், பாம்பைத் தொடுகிறவன், பிரசவம் பார்க்கிற கிழவி என்று உயிரோடு புழங்கிய கைகளையெல்லாம் வரிசையாகத் தீட்டு என்று ஒதுக்கி வைத்த சமூகம் இது. அந்தக் கைகளுக்குத் தெரிந்ததையெல்லாம் லத்தீனில் பெயர்த்து எழுதி, கைபடாமல் ஒப்பிக்கிறவனுக்கு நூற்றுக்கு 98 கொடுக்கிறது. கறிக்கடையில் பாப்பா மூக்கைப் பொத்தியது நாற்றத்துக்காக மட்டும் என்று நினைக்கிறீர்களா? பன்னிரண்டு வருடம் செலவழித்து நாங்கள் சொல்லிக்கொடுத்தது அது. உள்ளூர் வளம் இல்லாமலா போய்விட்டது? அந்த வளத்துக்குச் சாதி இருக்கிறது. அதனால் அது சுற்றுச்சுவருக்கு வெளியே நிற்கிறது. இதை எந்தப் பயிற்சி மண்டபத்திலும் ஒரு ஸ்லைடாகப் போடமாட்டார்கள்.

முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் பதினாறு கிராமப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கியது. பிள்ளைகள் வயலுக்கும் ஓடைக்கும் போனார்கள், பார்த்ததை எழுதினார்கள், தேர்வுக்குப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோனார்கள். நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவி முப்பது ஆண்டுகள் நடந்தது. 2002-இல் மாநில அரசு நிறுத்தியது. ஓடிக்கொண்டிருந்த ஒன்றை நிறுத்துவதற்கு மட்டும் நமக்கு எந்தப் பயிற்சியும் தேவைப்படுவதில்லை.

மீதி இருந்த கொஞ்ச உயிரையும் 'பிராய்லர் பள்ளிகள்' பறித்தன. (நாமக்கல்லை வைத்து அந்தப் பெயரைச் சூட்டினார்கள். நாமக்கல்லில் இருப்பது முட்டைக்கோழி. பிராய்லர் பல்லடம் பக்கம். உயிரியல் தெரியாதவன் வைத்த பெயர்.) பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பைக் குத்திக் குத்தி ஏற்றினார்கள். பிறகு நீட் வந்தது. 180 கேள்வியில் உயிரியல் மட்டும் 90. கேள்விக்கு ஒரு நிமிடம். ஒரு நிமிடத்துக்குமேல் ஒரு பூவைப் பார்க்கிற பிள்ளை தோற்றுப்போகும். மடத்துத் தோட்டத்தில் பட்டாணியை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த மெண்டல், ஆசிரியர் தகுதித் தேர்வில் 1850-இலும் தேறவில்லை, 1856-இலும் தேறவில்லை. இன்று இருந்தால் கோச்சிங் சென்டர்காரர்கள் அவரை ரிப்பீட்டர் பேட்சில் உட்காரவைத்து, மெண்டல் விதிகளுக்கு ஷார்ட்கட் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

போன செய்முறைத் தேர்வன்று வெளியூரிலிருந்து எக்ஸ்டர்னல் வந்தார். ஆய்வகத்தைத் திறந்து ஒட்டடை அடித்திருந்தோம். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, சீனியர் தவளையைப் பார்த்து, லேபிளில் இருந்ததை வாசித்து, முழு மதிப்பெண் வாங்கிப் போனார்கள். பதினொன்றரைக்குள் தேர்வு முடிந்தது. ஒரு மணிக்கு விருந்து. பாய் கடையிலிருந்து கறி, பள்ளிச் செலவில் பிரியாணி, தனிக் கிண்ணத்தில் மிளகு போட்டு வறுத்த சுவரொட்டி. இந்த முறை வகுப்புக்குள் கறி வந்ததைத் தலைமையாசிரியர் கேட்கவில்லை, அவர்தான் பரிமாறினார். எக்ஸ்டர்னல் ஒரு துண்டை எடுத்து மென்று, இன்னொன்றும் எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ரொம்ப சாஃப்டா இருக்கே சார், எதுல செஞ்சது? காளானா?"