180 ஜிஎஸ்எம்-மில் ஓர் ஊட்டிப் பயணம்

நீலகிரிக்குள் வண்டி நுழைய இ-பாஸ் இருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் நினைத்துக்கொண்டிருக்கிறது. 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு அது. திருப்பூரை ஒட்டிய திருமுருகன்பூண்டியிலிருந்து கிளம்பும் குடும்பத்துக்கு அது போதாது. அப்புச்சி முதல் இன்னும் பால் மறக்காத கடைக்குட்டி வரை அத்தனை பேருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட் வேண்டும். நெஞ்சில் அந்தக் கடைக்குட்டியின் படம், முதுகில் ‘ஃபேமிலி டூர்’, கை ஓரத்தில் அவரவர் உறவுமுறை. இதை எழுதுபவரின் கையில் ‘சின்ன மாமா’ என்று இருந்தது. வயது ஐம்பதைத் தாண்டியவர் அவர்.

அந்தச் சட்டை அவர் வீட்டுக் கொடியில் இப்போதும் தொங்குகிறது. மாம்பழ மஞ்சள் என்றார்கள். ஒரே அலசலில், கூட ஊறிய வேட்டியும் மாம்பழமாகிவிட்டது. நெஞ்சில் சிரித்த குழந்தைக்கு வாயோரத்தில் தொடங்கிக் காது வரை விரிசல். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் உத்தரவிட்டதும் இதே உயர் நீதிமன்றம்தான். சாயத்தண்ணீர் நொய்யல் ஆற்றுக்குப் போகக் கூடாது, சரி. வேட்டிக்குப் போகலாமா என்று யாரும் வழக்குப் போடவில்லை போலிருக்கிறது.

இங்கே சொல்ல வந்தது டி-ஷர்ட்டைப் பற்றி அல்ல. மே மாதத்தில் மூன்று வயதுக் குழந்தையை ஏன் எங்குமே கூட்டிப் போகக் கூடாது என்பதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தது. ஆனால் துணி முதலில் வந்தால்தான் மற்றதெல்லாம் நடக்கும் என்பது இந்த வட்டாரத்து வழக்கம்.

மற்ற ஊர்க்காரர்கள் டூர் என்றால் வண்டி பேசுவார்கள், புளிசாதம் கட்டுவார்கள். இங்கே ஆர்டர் எடுப்பார்கள். ஒறம்பரைக்குள் ஒருவர் கட்டிங் மாஸ்டர், ஒருவர் பவர்டேபிள் கான்ட்ராக்டர், ஒருவர் பிரிண்டிங் பட்டறை, இரண்டு அத்தைகள் செக்கிங். கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்று ஒரு மருமகப்பிள்ளை கேட்டார். அவர் மதுரைப் பக்கம். ‘பனியன் கம்பெனிய வெச்சுக்கிட்டுக் கடைல வாங்கிப் போட்டா நாலு பேரு என்னங்க மாப்ள நெனைப்பாங்க?’ என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

முதல் சண்டை ஜிஎஸ்எம்-மில். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் கணக்கு. ஊட்டியில் குளிரும், 240-க்குக் குறைந்தால் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும் என்றது ஒரு கட்சி. மேட்டுப்பாளையம் தாண்டும்வரை வெந்து சாவோம், 140 போதும் என்றது இன்னொரு கட்சி. கடைசியில் எக்ஸ்போர்ட் ஆர்டரில் மிஞ்சிய சிங்கிள் ஜெர்சி 180-ல் கிடைத்ததால் 180 என்று முடிவானது. சித்தப்பா துணியை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து ‘நூத்தி எழுபத்தஞ்சுதான் வரும்’ என்றார். தராசில் வைத்தால் அதேதான். அவருடைய பேரன் எந்த வகுப்பு முடித்திருக்கிறான் என்று கேட்டால் மட்டும் மருமகளைத் திரும்பிப் பார்ப்பார்.

துணி பற்றவில்லை. அதனால் பெரியவர்களுக்கு ஒரு லாட், குழந்தைகளுக்கு ஒரு லாட். லைட் பாக்ஸில் வைத்தால் இரண்டு மஞ்சளும் வேறு வேறு. ஊட்டி மூட்டத்தில் யாருக்குத் தெரியப்போகிறது என்றார் பிரிண்டிங் மச்சான். செக்கிங் அத்தைக்குத் தெரியும். பேத்தியைத் தூக்கினால் அவர் கன்னத்தைக் கிள்ளுவதில்லை. சைடு தையலைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார், கழுத்து ரிப்பைத் திருப்பிப் பார்ப்பார், எங்காவது ஆயில் கறை இருந்தால் அங்கே ஸ்டிக்கர் ஒட்டுவார். ஊட்டியில் எடுத்த குடும்பப் படத்தில் கடைக்குட்டியின் தோளில் அம்புக்குறி ஸ்டிக்கர் இருக்கிறது. அது எந்தப் பழுதைக் காட்டுகிறது என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இத்தனைக்கும் இந்த ஊர்களின் பிழைப்பே குழந்தைச் சட்டையோடு ஒட்டியது. திருப்பூரில் 1925-ல் குலாம் காதர் தொடங்கிய முதல் பனியன் கம்பெனியின் பெயர் ‘பேபி நிட்டிங்’. இன்றைக்கு ஐரோப்பாவுக்குப் போகும் சிறு குழந்தைகளின் உடுப்பில் தலைமூடியிலும் கழுத்திலும் தொங்கும் கயிறு இருக்கக் கூடாது. எங்காவது மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஒடிந்த ஊசிமுனை தங்கியிருக்கிறதா என்று நீடில் டிடெக்டரில் விட்டுப் பார்த்துத்தான் பெட்டி கட்ட வேண்டும். பட்டனை இழுத்துப் பார்க்கவும் ஒரு மிஷின் உண்டு. முகம் தெரியாத ஜெர்மன் குழந்தைக்கு இவ்வளவும் செய்யும் கைகள், சொந்தப் பேரனுக்கு ராத்திரியோடு ராத்திரியாகத் தைத்த சட்டையில் நூல் பிசிறைக்கூட வெட்டவில்லை. வழியெல்லாம் அவன் அதைச் சப்பிக்கொண்டே வந்தான்.

சைஸ் விஷயத்துக்கு வருவோம். குழந்தைக்கு எடுக்கும் சட்டை குழந்தைக்குச் சேர்ந்துவிடக் கூடாது, அதுதான் விதி. ‘அடுத்த வருசத்துக்கும் ஆகோணுமில்ல?’ என்பார் அம்மாயி. எனவே மூன்று வயதுக்காரன் ஆறு வயதுச் சட்டையில், முட்டிக்குக் கீழே மஞ்சளாகத் தொங்க நடந்தான். இதற்குப் பக்கத்து ஊரிலேயே ஆதாரம் இருக்கிறது. அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் சில வருடம் கழித்துப் பதிகம் பாடி மீட்டார். விழுங்கிய வயதில் அவன் வெளியே வரவில்லை. போன வருடங்களின் வளர்த்தியோடு வந்தான். அன்றைக்குக் கரையில் பழைய அளவுச் சட்டையோடு நின்ற தாய்மாமன் யாராவது இருந்திருந்தால் அவர் கதி என்ன? அம்மாயி சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று எரிச்சலோடு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெரியவர்களின் சைஸ் இன்னும் மோசம். கைபேசிக் குடும்பக் குழுவில் எழுதச் சொன்னால் யாரும் உண்மையை எழுதுவதில்லை. எக்ஸெல் என்று எழுதியவருக்கு டபுள் எக்ஸெல் தைக்க வேண்டும், ஆனால் லேபிளில் எக்ஸெல் என்றே போட வேண்டும். கட்டிங் மாஸ்டர் இதற்கெனத் தனி நோட்டு வைத்திருக்கிறார். வருமானவரிக்காரர்களுக்குக் காட்டும் நோட்டைவிட அதைப் பத்திரமாகப் பூட்டி வைக்கிறார்.

பிறகு பெயர். குழந்தையின் பெயரில் எண்கணிதத்துக்காக இரண்டு ‘ஏ’ கூடுதல். பிரிண்டிங் பட்டறைப் பையன், பாவம், எழுத்துப்பிழை என்று நினைத்து ஒன்றை எடுத்துவிட்டான். ஸ்கிரீன் முடிந்து, சாயம் காய்ந்து, முழு லாட்டும் அதிர்ஷ்டமில்லாமல் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு சட்டையிலும் அந்த எழுத்தைத் துணிப் பேனாவால் உட்கார்ந்து எழுதினார்கள். எழுதியது யார் என்று கேட்க வேண்டியதில்லை. சின்ன மாமாவுக்குக் கையெழுத்து நன்றாக இருக்குமாம்.

இதே பூண்டியில்தான் சுந்தரர் சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வரும்போது, சிவன் தம் பூதகணங்களை வேடர்களாக அனுப்பி எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார் என்பது தலபுராணம். வழிப்போக்கரை மடக்கித் துணியைக்கூட உருவிக்கொள்ளும் இப்படிப்பட்ட இடத்தில் உமக்கென்ன வேலை என்று சுவாமியையே அவர் கேட்கும் பதிகம் ஏழாம் திருமுறையில் இருக்கிறது. இப்போது நிலைமை தலைகீழ். வழியோடு போகிறவனை நிறுத்தி மாட்டிவிடுகிறார்கள். வண்டி டிரைவருக்கும் ஒன்று மாட்டினார்கள். அவருக்கு உறவுமுறை எதுவும் தோன்றாததால் கையில் ‘அண்ணா’ என்று போட்டிருந்தது.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அயர்ன் சூடு ஆறாமல் விடிகாலை நாலு மணிக்குச் சட்டைகள் வந்தன. கல்லாறு சோதனைச் சாவடியில் இ-பாஸைப் பார்த்தார்கள், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைப் பிடுங்கினார்கள். 2025 சீசனில் வாரநாளுக்கு 6,000, வாரக்கடைசிக்கு 8,000 வண்டி என்று நீதிமன்றம் உச்சவரம்பு வைத்தது. பனியன் கம்பெனிக்கு ஞாயிறுதான் லீவு என்பதால் பூண்டி வட்டாரம் மொத்தமும் அந்த எட்டாயிரத்துக்குள் நுழையப் பார்த்தது. சீசனில் குன்னூர் வழியாக ஏற வேண்டும், கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். 1908 முதல் ஊட்டி வரை ஓடும் மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. ரோட்டிலிருந்து டாட்டா காட்டியதோடு சரி. முதல் கொண்டைஊசி வளைவிலேயே சட்டைப் படத்து நாயகன் வாந்தி எடுத்தான். மாற்றுச் சட்டை இருந்தது. ஆனால் அது நீலம். படம் எடுத்து முடிக்கும்வரை நீலம் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

தாவரவியல் பூங்கா 1848-ல் தொடங்கியது. நூறு வருடத்துக்கு மேலாக மலர்க் கண்காட்சி நடக்கும் இடம். பூக்களை யாராவது பார்த்தார்களா என்று தெரியவில்லை. புல்வெளி முழுக்கச் சட்டைகள்: பச்சையில் ஒரு பல்லடக் குடும்பம், ரோஸில் ஓர் அனுப்பர்பாளையம், இன்னொரு மாம்பழ மஞ்சளில் பெருமாநல்லூர். ‘அது நம்ம ஸ்டாக் லாட் துணிதான்’ என்று சித்தப்பா தூரத்திலிருந்தே கண்டுபிடித்தார். இரண்டு மஞ்சளும் கலந்த நேரத்தில் கடைக்குட்டி பெருமாநல்லூர்க்காரர்கள் மடியில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தான். மீட்கப் போனபோது வர மறுத்தான். அவன் அன்று முழுவதும் ரசித்துப் பார்த்தது வாசலில் படுத்திருந்த ஒரு நாயை. பூண்டியில் கல் சிற்பப் பட்டறைகளுக்கு முன்னால் அதே மாதிரி நாய்கள் எப்போதும் படுத்திருக்கின்றன, இ-பாஸ் கேட்பதில்லை.

இனி அந்தக் காரணங்கள். முதல் காரணம் என்று எழுதத் தொடங்கும்போது குழுவில் செய்தி வந்துவிட்டது. பெரிய மச்சானின் பேத்திக்கு வைகாசியில் குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள், கெடாவெட்டு உண்டு, நிறம் மெரூன், சைஸை இன்று ராத்திரிக்குள் போட வேண்டும். கை ஓரத்தில் இந்த முறை ‘சின்னத் தாத்தா’ என்று வருமாம். லார்ஜ் என்று போட்டாயிற்று. கட்டிங் மாஸ்டர் பார்த்துக்கொள்வார்.