கொசு பேட்டும் இறகுப்பந்துக் கைப்பிடியும்: ஒரு முன்னாய்வு

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாலை நேரம் ஷட்டில் ஆடுவோரில் பெரும்பாலோர் ராக்கெட்டைத் தப்பாகப் பிடிக்கிறார்கள். இது ஊரறிந்தது. ஏன் என்பதற்குத்தான் விளக்கம் சரியில்லை. சோம்பல் என்பர் சிலர். கோச் இல்லாமை என்பர் சிலர். மச்சான் சொல்லித்தந்ததன் விளைவு என்பாரும் உளர். இவை மூன்றும் பொருந்தா. காரணம் கொசு பேட் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதற்கண் இலக்கணம். ராக்கெட்டின் கைப்பிடிக்கு எட்டுப் பட்டைகள். அவற்றுள் அகலமான இரண்டும் நரம்புப் பரப்புக்கு இணையாக ஓடும். ஃபோர்ஹேண்ட் ஆட, ராக்கெட்டின் விளிம்பு தரையைப் பார்க்க நிறுத்தி, கைகுலுக்குவதுபோல் பற்றவேண்டும். பேக்ஹேண்டுக்குச் சற்றே உருட்டி, கட்டைவிரலை அகலப் பட்டைமேல் வைத்து உந்தவேண்டும். இரண்டிலும் விரல்கள் தளர்ந்தே இருந்து, ஷட்டிலைத் தொடும் கணத்தில்தான் இறுகவேண்டும். அடிபடும் பொருளின் எடை சுமார் 5 கிராம். அதற்குக் கடப்பாறைப் பிடி எதற்கு? 2023இல் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியின் ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸில் ஏறியது. அந்த வேகத்துக்கு முன்கை சுழன்றாக வேண்டும். முன்கூட்டியே இறுகிய கை சுழலாது.

இனிக் கொசு பேட். பெரும்பாலானவற்றில் பொத்தான், வலை பார்க்கும் அதே திசையில், கைப்பிடியின் தட்டைப் பக்கத்தில் இருக்கிறது. அழுத்தினாலொழிய மின்சாரம் பாயாது. அழுத்துவது எது? கட்டைவிரல். எங்கே? அகலப் பட்டைமேல். பயிற்சியாளர்கள் தொண்டை வறளக் கற்பிக்கும் பேக்ஹேண்ட் பிடி இதுவே என்க. நம் வீடுகளில் இதற்குத் தினசரிப் பயிற்சி நடக்கிறது, விடுமுறையும் கிடையாது.

கேடு எங்கே வருகிறதெனின், இதே பிடியோடு தலைக்கு மேல் வரும் ஷட்டிலையும் அடிப்பதில். முன்கை சுழலாமல் மணிக்கட்டு மட்டும் தட்டுகிறது. ஷட்டில் பாதி தூரம் போய் வலையருகே விழுகிறது. எங்கள் குடியிருப்பில் இரண்டாம் மாடிப் பெரியவர் ஒருவர் அடிக்கும்போது கட்டைவிரல் நகம் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுத்துவார். அடித்ததும் நரம்புகளை உற்றுப் பார்ப்பார். 'பட்' என்ற ஓசை வராத ஏமாற்றம் முகத்தில் தெரியும்.

அற்றேல், கொசு பேட் வருமுன்னும் தப்பாகப் பிடித்தோர் இருந்தனரே எனின், இருந்தனர். ஆயினும் பிரகாஷ் படுகோன் 1980இலும் கோபிசந்த் 2001இலும் ஆல் இங்கிலாந்துப் பட்டம் வென்றபோது நம் வீடுகளில் பெரும்பாலும் புகைந்தது கொசுவர்த்திச் சுருள். பின்னர் வீடுதோறும் பேட் வந்தது. 2022இல் லக்‌ஷ்யா சென் இறுதியாட்டம்வரை போய் நின்றுவிட்டார். தொடர்பை வாசகர் ஊகித்துக்கொள்க.

விதிவிலக்கு ஒன்று உண்டு. இரட்டையர் ஆட்டத்தில் வலையை உரசினாற்போல் போடும் குட்டை சர்வீஸுக்குப் பெரும்பாலோர் கைக்கொள்வது கட்டைவிரல் பிடியைத்தான். எங்கள் குடியிருப்பில் அதைப் பிசகாமல் போடுபவர், ராக்கெட்டைச் சென்ற மாதம்தான் முதன்முதலில் தொட்ட தரைத்தளத்து அம்மா ஒருவர். தரைத்தளத்தில்தான் கொசு அதிகம்.