முக்கால் இஞ்ச் குடும்பஸ்தன்

எங்கள் வீட்டில் முக்கால் இஞ்ச் குழாய் நான்கு வகை. நான்குக்கும் பெயர் ஒன்றுதான். ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது.

வீடு தவணை தவணையாக எழும்பியதால் வந்த வினை இது. அப்பா கீழ்த்தளம் கட்டியபோது ஜி.ஐ. பைப். கொல்லையில் வாழை வைத்தபோது சாம்பல் நிற பி.வி.சி. நான் மாடி எடுத்தபோது வெள்ளை யு.பி.வி.சி. கீஸர் வந்ததும், வெந்நீர் தாங்கும் என்று சந்தன நிறத்தில் சி.பி.வி.சி. கடையில் கேட்டால் எல்லாமே “முக்கா இஞ்ச் சார்”. வெர்னியர் காலிப்பர் வைத்து வெளிவிட்டத்தைப் பார்த்தால் இரும்பு 26.9 மில்லிமீட்டர், வெள்ளை 26.7, சாம்பல் 25, சந்தனம் 22.2. நிஜமான முக்கால் இஞ்ச் என்பது 19.05. அப்படி ஒரு குழாய் இந்த வீட்டில் குடியிருக்கவே இல்லை.

சம்சாரி வீட்டில் வெர்னியருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நான் தணிக்கைத் துறையில் இருப்பவன். மற்றவர் எழுதி வைத்த எண்ணை நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன். வீட்டில் சுவரில் ஆணி அடிக்க என்னை விடுவதில்லை. ஸ்க்ரூ டிரைவர் இருக்கும் இழுப்பறையின் சாவி என் மனைவியிடம். ஆனால் அளக்க விடுவார்கள். அளப்பதால் இதுவரை எதுவும் உடைந்ததில்லை என்பது அவள் கணிப்பு.

அளந்தவன் சும்மா இருக்க முடியுமா? காரணம் தேடினேன். பழைய காலத்து இரும்புக் குழாய்களுக்கு உள்துவாரத்தை வைத்துத்தான் பெயர் வைத்தார்கள். அரை இஞ்ச் என்றால் தண்ணீர் போகிற வழி ஏறத்தாழ அரை இஞ்ச். சுற்றி நல்ல தடிமனாக இரும்பு. பிற்பாடு மெல்லிய சுவரே போதும் என்று ஆனது. வெளிப்பக்கத்தைக் குறைத்தால் ஏற்கெனவே மாட்டியிருக்கும் எல்போ, டீ, நிப்பிள் எதுவும் சேராது. ஆகவே வெளிப்பக்கத்தை அப்படியே விட்டு உள்பக்கத்தைக் குடைந்துவிட்டார்கள். இன்று அரை இஞ்ச் ஜி.ஐ. குழாய்க்கு வெளியே 21.3, உள்ளே சுமார் 16 மில்லிமீட்டர். அரை இஞ்ச் என்பதோ 12.7. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. என் பணிவாழ்வில் இப்படி ஒரு கணக்கைக் கண்டிருந்தால் மூன்று பக்கம் ஆட்சேபணைக் குறிப்பு எழுதியிருப்பேன்.

சந்தன நிறக் குழாயின் கதை வேறு. அது அமெரிக்காவில் செம்புக் குழாய்க்கு மாற்றாக வந்தது. வந்ததும் செம்பின் அளவையே சுவீகரித்துக்கொண்டது. செம்புக் குழாயில் பெயரோடு அரைக்கால் இஞ்ச்சைக் கூட்டினால் வெளிவிட்டம். முக்கால் என்றால் முக்காலே அரைக்கால். இதை நான் சாப்பாட்டு மேஜையில் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தபோது, “அப்ப மாடி பாத்ரூம்ல சொட்டுறது நின்னுடுமா?” என்று கேட்டாள் மனைவி. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். அதைத்தான் தானும் சொல்வதாகச் சொன்னாள்.

மெட்ரிக் முறை நம் நாட்டில் 1956-ல் சட்டமானது. சேர், வீசை, பலம் எல்லாம் போயின. துணிக்கடையில்கூட கஜம் போய் மீட்டர் வந்துவிட்டது. பைப் கடை வாசலில் மட்டும் சட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டது. சாம்பல் குழாயின் முதுகில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு மில்லிமீட்டர் அச்சடித்திருக்கிறது. அதைக் கடைக்காரர் மனத்துக்குள் மொழிபெயர்க்கிறார்: 20 என்றால் அரை, 25 முக்கால், 32 ஒன்று, 40 ஒன்றேகால். இதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம். 50 மில்லிமீட்டர் என்பது கிட்டத்தட்ட அச்சு அசலாக இரண்டு இஞ்ச். அதற்குப் பெயர் ஒன்றரை. இரண்டு இஞ்ச் கேட்டால் 63-ஐ எடுத்துத் தருவார்.

எங்கள் தெருமுனை ஹார்டுவேர் கடை அண்ணாச்சி தங்கமானவர். ஆனால் என்னைக் கண்டால் பில் புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்து உட்காருவார். நான் கையில் ஒரு தாளோடு போவேன். வெளிவிட்டம், உள்விட்டம், மரையின் நீளம் எல்லாம் இரண்டு தசம ஸ்தானத்துக்குச் சுத்தமாக எழுதியிருக்கும். ஒருமுறை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மேலும் கீழும் பார்த்தார். “என்ன சார் இது, பையனுக்கு ஜாதகமா?”

“சி.பி.வி.சி.யிலிருந்து டேப்புக்கு ஒரு சாமான் வேணும். ஒரு பக்கம் 22.2. இன்னொரு பக்கம் உள் மரை, 20.95.”

கடைப் பையன் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் உள்ளே குரல் கொடுத்தான்: “அண்ணாச்சி, முக்காக்கு அரை எஃப்.ஏ.பி.டி. ஒண்ணு!”

என் மனைவிக்கு இந்தச் சங்கடமெல்லாம் இல்லை. உடைந்த பழைய சாமானை மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போவாள். கடை மேஜையில் வைத்து “இதே மாதிரி” என்பாள். அவ்வளவுதான். அது உள் மரையா, வெளி மரையா, எந்த நாட்டுத் தரம் என்று எதுவும் தெரியாமலே சரியான சாமானோடு திரும்புவாள். நியாயமாகப் பார்த்தால் இது அறிவுலகத்துக்கு நேர்ந்த அவமானம். போகிற வழியில் கொத்தமல்லியும் வாங்கி வந்துவிடுவாள்.

பிளம்பர் இன்னும் மோசம். அவருக்குப் பையும் வேண்டாம். அறுந்த குழாய்க்குள் விரலை விட்டுப் பார்ப்பார். கட்டைவிரல் போனால் ஒன்று, ஆள்காட்டி விரல் போனால் முக்கால், சுண்டுவிரல் போனால் அரை. ஆள் இல்லாத நேரத்தில் நானும் விட்டுப் பார்த்தேன். பேனா பிடித்தே காலம் கழித்தவன் கை. எனக்குக் கட்டைவிரலைத் தவிர எல்லாமே சுண்டுவிரல். ஒரு கணக்குக்கும் வரவில்லை.

வீட்டில் யோக்கியமான பொருளே இல்லையா என்றால், பல்பு இருக்கிறது. பி22 என்று அட்டையில் போட்டிருந்தால் அதன் பித்தளை மூடியின் விட்டம் 22 மில்லிமீட்டர்தான். அளந்து பார்த்து நெகிழ்ந்துபோனேன். பல்பு மாட்டும் பொறுப்பு மட்டும் இன்றுவரை என்னிடம் இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். நான் உயரமானவன் என்பதுதான் காரணம் என்று வீட்டில் இன்னொரு கட்சி உண்டு.

மரை விவகாரத்துக்கு வருகிறேன். நம் ஊர்க் குழாய் மரைக்கு மூலபுருஷர் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர். ஆளுக்கொரு திருகாணி என்று தறிகெட்டுக் கிடந்த இங்கிலாந்துக்கு 1841-ல் ஒரே மரையை முன்மொழிந்தார்: பற்களுக்கு இடையே 55 டிகிரி, முனை உருண்டை. இஞ்ச்சில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை அளக்கிற கருவியைச் செய்தவரும் அவர்தான். அவரைப் படித்தபோது, உறவுக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு. அவர் வீட்டில் அவரை என்ன சொன்னார்களோ! அமெரிக்காக்காரர்கள் இதற்குச் சம்மதிக்கவில்லை. 1864-ல் வில்லியம் செல்லர்ஸ் என்பவர் 60 டிகிரி, தட்டை முனை என்று வேறு பாதை போட்டார். அமெரிக்கக் குழாய் மரையும் அதே 60 டிகிரிதான். இதில் விஷமம் என்னவென்றால், அரை இஞ்ச்சிலும் முக்கால் இஞ்ச்சிலும் இரு நாட்டு மரைக்கும் இஞ்ச்சுக்கு 14 சுற்று. ஆகவே ஒன்று மற்றொன்றுக்குள் நல்ல பிள்ளைபோல் ஏறும். இரண்டு மூன்று சுற்று வரைக்கும் சம்பந்தம் பேசி முடித்ததுபோலவே இருக்கும்.

அந்தச் சம்பந்தம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. என் மனைவியின் அண்ணன் நியூஜெர்சியிலிருந்து ஒரு ஷவர் கொண்டுவந்தார். கைப்பிடி வளைவோடு முழு செட். பளபளப்பில் முகம் பார்த்துத் தலை வாரலாம். நான் வாங்கிய கையோடு மரையை அளந்து, முனையை லென்ஸில் பார்த்து, “இது செல்லர்ஸ். நம்ம சுவர்ல இருக்கிறது விட்வொர்த். ஒத்துவராது” என்றேன். கூடத்தில் அமைதி. மச்சான் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“எங்க அண்ணன் எது வாங்கிட்டு வந்தாலும் உங்களுக்கு ஒரு டிகிரி இடிக்கும்” என்றாள் மனைவி.

“அஞ்சு டிகிரி” என்றேன். எண் தப்பாக இருந்தால் என்னால் பேசாமல் இருக்க முடியாது.

மச்சானே மாட்டினார். ஏறியது, நின்றது, தண்ணீரும் அருவியாகக் கொட்டியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மச்சான் விமானம் ஏறிப் போனபின், குளியலறைக்குப் பின்பக்கத்துப் படுக்கையறைச் சுவரில் ஈரம் படரத் தொடங்கியது. நான் சொன்னபடியே நடந்திருந்தது. குடும்பத்தில் ஒருவன் சொன்னபடியே நடப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்பது அந்த வாரம் தெரிந்தது. “நீங்க வாய வெச்சீங்கல்ல” என்றுதான் அந்த ஈரத்துக்கு வீட்டில் பேர்.

பிளம்பருக்கு நான் போன் செய்தேன். “அம்மாகிட்ட குடுங்க சார்” என்றார். வந்தார், வளைவைக் கழற்றினார். 55, 60 என்று நான் கதவருகே நின்று தொடங்கியதை மரியாதையோடு கேட்டுக்கொண்டே டெஃப்லான் டேப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, சணலை உருவி எடுத்து, வெள்ளை பெயிண்டில் தோய்த்து மரை மறையச் சுற்றினார். மாட்டி இறுக்கினார். சுவர் காய்ந்துவிட்டது. “ஃபாரின் மரைம்மா, கொஞ்சம் கூடுதலா சுத்தணும்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, போகும்போது என் வெர்னியரைக் கையில் எடுத்து எடை பார்த்தார். “நல்ல கனமா இருக்கே சார். இதுல சுத்தியல் மாதிரி தட்டலாமா?”

போன ஞாயிறு மச்சான் அமெரிக்காவிலிருந்து பேசினார். அடுத்த முறை வாஷ்பேசினுக்கு ஒரு மிக்ஸர் கொண்டுவருகிறாராம். சைஸ் என்ன என்று கேட்டார். என் மனைவி ஒரு கணம் யோசித்தாள். கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாக, “அளவு விஷயம், அவருகிட்டயே கேளு” என்று போனை என்னிடம் நீட்டினாள்.

வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: “அரை இஞ்ச்.”