ஓ.சி., கே.டி.: ஒரு புள்ளியியல் ஆய்வு

முதலெழுத்துச் சுருக்கத்தின் உயிர் அதன் நடுவே நிற்கும் புள்ளியில் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். புள்ளி இருக்கும்வரை அது ஆபீஸ் சொத்து. விழுந்ததும் தெருவுக்கு வந்துவிடும், வேற்றுமை உருபும் ஏற்கும்: ஓசியில், ஓசிக்கு.

கும்பெனி ஆட்சியில் அலுவல் கடிதங்களின் உறைமேல் 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்பதன் முதலெழுத்துகளைப் போட்டுத் தபால் கட்டணமில்லாமல் அனுப்பினார்கள், அதுவே ஓசி ஆயிற்று என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. எல்லோருக்கும் தெரிந்திருப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. மூன்றாவது எழுத்தான 'எஸ்' எங்கே? 1866 முதல் அரசு அலுவல் தபால்தலைகளில் 'சர்வீஸ்' என்று அச்சேறியதால் அதுவரை அது பத்திரமாக இருந்திருக்கிறது. மலையாளத்தில் இதே இலவசத்துக்கு 'ஓஸ்' என்று பெயர். ஆகவே எஸ் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தப்பியது என்று துணியலாம். 'மச்சான் எஸ் ஆயிட்டான்' என்ற வழக்கை இதற்குச் சான்றாகக் காட்டுவது மட்டும் முறையல்ல. அது எஸ்கேப்பின் எஸ்.

தாலுகா ஆபீசில் ஓ.சி. என்றால் கோப்பில் தங்கும் ஆபீஸ் காப்பி. ராணுவத்தில் அது ஓர் அதிகாரி. கல்லூரிக் கவுன்சிலிங்கில் ஓபன் காம்படிஷன். தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு 69 விழுக்காடு போக மிஞ்சும் 31 விழுக்காடு அது. முன்னேறிய வகுப்பாருக்கென்றே ஒதுக்கியது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் எந்த வகுப்பினரும் மதிப்பெண்ணைக் கொண்டு பிடிக்கலாம். டீக்கடை ஓ.சி.க்குக் காசு வேண்டாம், கவுன்சிலிங் ஓ.சி.க்கோ கட்-ஆஃப் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

இலவசத்திலும் படிநிலை உண்டு. ஓசிப் பேப்பர் படிப்பவரைக் கடைக்காரர் கண்டுகொள்ள மாட்டார். ஓசி டீ கேட்பவரை முறைப்பார். 'ஓசிச் சோறு' என்று யாரையாவது சொல்லிவிட்டால் கைகலப்புதான். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. 2022 செப்டம்பரில் ஓர் அமைச்சர் மேடையில் அதை 'ஓசி' என்று சொல்ல, மாநிலமே கொதித்தது. பஸ் அதே பஸ், சீட்டும் அதே சீட்டு. 'கட்டணமில்லா' என்பது உரிமை, 'ஓசி' என்பது குத்தல்.

கே.டி.யின் கதை இன்னும் நுட்பமானது. போலீஸ் பதிவேட்டில் அது 'நோன் டெப்ரடேட்டர்', அதாவது திருட்டையே தொழிலாக வைத்திருப்பதாக ஸ்டேஷனுக்குத் தெரிந்த ஆள். தமிழில் 'கேடு' ஏற்கெனவே இருந்ததால், புள்ளிகள் உதிர்ந்தபின் இது வெள்ளைக்காரன் விட்டுப்போன சரக்கு என்று எவருக்கும் தோன்றவில்லை. பேரன் முறுக்கு டப்பாவைக் காலி செய்தால் "சரியான கேடிப் பய" என்று பாட்டி கொஞ்சுவதில் போலீஸ் வாடையே கிடையாது.

வளைகுடாவில் புள்ளிகள் திரும்ப முளைத்துவிட்டன. அங்கே கே.டி. என்பது குவைத் தினார். அந்தப் பேரனே வளர்ந்து குவைத்துக்குப் போய், "இந்த மாசம் பத்து கே.டி. கூடக் கொடுத்தாங்க பாட்டி" என்று போன் செய்தால், பாட்டி காதில் பத்து ரவுடிகள்தான் விழுவார்கள். ஒரு கே.டி. 250 ரூபாய்க்கு மேல் போகும் என்று பக்கத்து வீட்டுப் பையன் விளக்கினால், இன்னும் நாலு கே.டி. சேர்த்துக் கேட்கச் சொல்வாள்.